ஓட்டைப் பாட்டிலும் ஒரு நேர்கோடும்

தர்ஷினியின் ஆள்காட்டி விரல் பாட்டிலின் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தது. பாட்டில் நிறையத் தண்ணீர். மூடி திறந்திருந்தது. விரலின் ஓரமாகக் கசிந்த தண்ணீர் அவள் மணிக்கட்டில் இறங்கி, முழங்கை வழியாக மேசையில் சொட்டியது.

வகுப்பின் பின்பக்கம் விருந்தினர்கள் நின்றார்கள். கழுத்தில் அட்டை, கையில் ஒரு தாள். அந்தத் தாளில் ஒரு வரைபடம் அச்சாகியிருந்தது. பாட்டிலில் தண்ணீர் எப்படிக் குறையும் என்பதை ஒரு நேர்கோடு காட்டியது. அடிமட்டம் வைத்துப் போட்ட, பார்க்க லட்சணமான கோடு.

கதவோரம் எங்கள் கணக்குத் துறைத் தலைவர் செல்வராஜ் நின்றார். யாருக்கும் தெரியாமல் என்னைப் பார்த்துத் தலையை இடவலமாக அசைத்தார். வேண்டாம் என்று அர்த்தம்.

தர்ஷினியும் என்னைத்தான் பார்த்தாள். விரலை எடுக்கலாமா என்று கண்ணால் கேட்டாள்.

அவள் விரல் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கட்டும். அதற்குள் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் நான் ஏன் அன்றைக்கு அவ்வளவு பிடிவாதமாக நின்றேன் என்று உங்களுக்குப் புரியாது. எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று போன அத்தியாயத்தைப் படித்துவிட்டு ஒரு வாசகர் எழுதியிருந்தார். உண்மைதான். ஆனால் அது காரணமில்லாமல் வருவதில்லை.

காராங் கூனி டீச்சர்

எனக்கு வீடு தீவின் கிழக்கே, தெம்பனிஸில். வேலை வடகோடியில், மார்சிலிங்கில் ஓர் உயர்நிலைப் பள்ளியில். காலையில் கண்ணைத் திறக்கும் முன்பே கிளம்ப வேண்டிய தூரம். மாற்றல் வாங்கிக்கொண்டு பக்கத்திலேயே வேலை பார்க்கலாமே என்று கேட்காதவர்கள் இல்லை. கேட்டுக்கொண்டே இருக்கட்டும் என்று நானும் போய்க்கொண்டே இருந்தேன்.

அந்த ஓட்டைப் பாட்டில் பாடத்துக்கு எனக்கு ஒரே மாதிரியான பாட்டில்கள் வேண்டியிருந்தன. இடுப்பு வளைவு இல்லாத, நேரான உடம்புள்ள பாட்டில்கள். என் நாத்தனார் தேக்கா பக்கத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார். மேசையில் விட்டுப்போகும் தண்ணீர் பாட்டில்களைக் கழுவிச் சேர்த்து வைக்கச் சொல்லியிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை போய் இரண்டு பெரிய பையில் அள்ளிக்கொண்டு ரயில் ஏறினேன். கூட்டமான ரயிலில் காலி பாட்டில் பை எவ்வளவு சத்தம் போடும் என்பது தூக்கிப் போனவர்களுக்குத்தான் தெரியும்.

எதிரில் உட்கார்ந்திருந்த சீனப் பாட்டி என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது தன் கையிலிருந்த பானத்தை மடமடவென்று குடித்து முடித்து, காலிப் பாட்டிலை என் பையில் போட்டு, என் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். பழைய சாமான் சேர்க்கும் காராங் கூனி என்று நினைத்துவிட்டார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். அந்தப் பாட்டிலுக்கு இடுப்பு இருந்தது, எங்கள் வரைபடத்துக்கு உதவாது. தூக்கிப் போட மனம் வரவில்லை. அதில் இன்றைக்கும் என் சமையலறை ஜன்னலில் மணி பிளாண்ட் வளர்கிறது.

வீட்டுக்கு வந்து கோணி ஊசியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, ஒவ்வொரு பாட்டிலிலும் அடியை ஒட்டி ஒரே அளவில் ஓட்டை போட்டேன். பிளாஸ்டிக் கருகிய நாற்றம் படுக்கையறை வரை போய்விட்டது. என் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாள்.

“ஏம்மா, பள்ளிக்கூடம் உனக்குச் சம்பளம் குடுக்குதா, இல்ல நீ அவங்களுக்குக் குடுக்கிறியா?”

ஜன்னலைத் திறந்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போகச் சொன்னேன்.

வெளுத்த பென்சில்

எங்கள் உயர்நிலைப் பள்ளிகளில் இப்போது ஒவ்வொரு பாடத்தையும் மூன்று நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். தொடக்கப்பள்ளிக் கடைசித் தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணை வைத்து யார் எந்த நிலை என்று முடிவாகும். நான் கேட்டு வாங்கியது உயர்நிலை ஒன்றில், அதாவது முதல் வருடத்தில், கணக்கின் மிக எளிய நிலை. அந்த வகுப்பை யாரும் கேட்டு வாங்குவதில்லை.

எளிய நிலை என்று நாம் எவ்வளவு நாகரிகமாகச் சொன்னாலும் பிள்ளைகளுக்கு அது என்னவென்று தெரியும். முதல் நாள் ஹக்கீம் என்ற பையன் எனக்கே ஆறுதல் சொன்னான். நாங்கள் எல்லோருமே கணக்கில் மோசம், அதனால் நீங்கள் ரொம்பக் கஷ்டப்பட்டுக்கொள்ள வேண்டாம் என்றான். அவன் கிண்டல் செய்யவில்லை. மனதாரச் சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தர்ஷினி அந்த வகுப்பில் இருந்த ஒரே தமிழ்ப் பெண். முதல் சில வாரங்கள் அவள் குரலையே நான் கேட்டதில்லை. பென்சிலை அவள் தாளில் அழுத்தவே மாட்டாள். விடை இருக்கிறதா இல்லையா என்று பார்க்க நான் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்க வேண்டும். நான் மேசையருகே வந்தால் உடனே அழித்துவிடுவாள். சரியான விடையையும் அழித்துவிடுவாள். அவள் மேசை முழுக்க ரப்பர் துகள். பிறகு பக்கத்துப் பெண் என்ன எழுதியிருக்கிறாள் என்று பார்த்து அதை எழுதுவாள். அவளுடையது சரி, பக்கத்துப் பெண்ணுடையது தப்பு என்றாலும் அப்படித்தான்.

இந்தப் பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு கட்டுப் பயிற்சித்தாள் கொடுத்து என்ன ஆகப்போகிறது? தொடக்கப்பள்ளியில் ஆறு வருடம் கொடுத்துப் பார்த்தாகிவிட்டதே.

ஒரு மீட்டர் எவ்வளவு என்று கையை விரித்துக் காட்டச் சொன்னேன். ஆளுக்கு ஒரு நீளம் காட்டினார்கள். மீட்டரிலிருந்து சென்டிமீட்டருக்கு மாற்றும் கணக்கில் அதே பிள்ளைகள் முழு மதிப்பெண் வாங்கியிருந்தார்கள். அன்றோடு தாள்களை ஓரம் கட்டினேன். சாய்தளத்தின் சரிவைக் கயிறு பிடித்து அளந்தோம். கொடிக்கம்பத்தின் நிழலைத் துரத்தினோம். விகிதம் படிக்க ரோஸ் சிரப்பும் பாலும் கலந்து பாண்டோங் போட்டோம். ஒன்றுக்கு மூன்று, ஒன்றுக்கு ஐந்து என்று கோப்பை கோப்பையாகக் குடித்துப் பார்த்தார்கள்.

அன்றைக்குத்தான் தர்ஷினி வாயைத் திறந்தாள். ஒரு மடக்குக் குடித்துவிட்டு, இதில் இன்னும் ஒரு பங்கு பால் வேண்டும் என்றாள். ஊற்றிக் குடித்துப் பார்த்தோம். அவள் சொன்னது சரியாக இருந்தது. நாக்கில் இருக்கிற விடையை அழிக்க முடியாது என்று எனக்கு அப்போது புரிந்தது.

மெலிந்த ஃபைல்

எங்கள் பள்ளிகளில் ஃபைல் செக் என்று ஒரு சடங்கு உண்டு. தவணைக்கு ஒருமுறை பிள்ளைகளின் ஃபைல்களை வாங்கித் துறைத் தலைவர் பார்ப்பார். எத்தனை தாள் கொடுத்திருக்கிறோம், எத்தனை திருத்தியிருக்கிறோம், திருத்தத்துக்குப் பிள்ளை மறுதிருத்தம் எழுதியிருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். ஃபைல் தடியாக இருந்தால் ஆசிரியர் உழைத்திருக்கிறார் என்று பொருள். பிள்ளை என்ன கற்றுக்கொண்டது என்பது வேறு சமாசாரம்.

செல்வராஜ் என்னைவிட வயதில் இளையவர். மற்றவர்கள் முன்னால் என்னை மிஸஸ் மாலதி என்பார், தனியாக இருந்தால் அக்கா. நல்ல மனிதர். உடம்பு சரியில்லாத ஆசிரியருக்குப் பதிலாகத் தானே போய் வகுப்பெடுப்பார். அவர் என் வகுப்பு ஃபைல் ஒன்றை எடுத்து, மீன் வாங்குகிறவரைப் போலக் கையில் வைத்து எடை பார்த்தார்.

ஃபைல் ரொம்ப லேசாக இருக்கிறதே என்றார். பிள்ளைகள் கனமாகத்தான் இருக்கிறார்கள் என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவரையும் மேலிருந்து ஒருவர் எடை பார்க்கிறார் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த வருடம்தான் எங்களைச் செயல்வழிக் கற்றல் பயிற்சிக்கு அனுப்பினார்கள். குளிரூட்டிய அறையில் காலையிலிருந்து மதியம் வரை அசையாமல் உட்கார்ந்து, பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள் என்று திரையில் படித்தோம். இடையில் ஒருமுறை எழுந்து, வண்ணத்தாள் துண்டுகளில் எங்கள் எண்ணங்களை எழுதிச் சுவரில் ஒட்டினோம். அதைப் படம் எடுத்துக்கொண்டார்கள். நான் என் துண்டில், முதுகு வலிக்கிறது என்று தமிழில் எழுதி ஒட்டினேன். அதுவும் படத்தில் இருக்கிறது.

நூலகத்துக்கு யார்?

விருந்தினர்கள் வரப்போகிறார்கள் என்று செல்வராஜ்தான் வந்து சொன்னார். வெளியூரிலிருந்து ஆசிரியர்களும் அதிகாரிகளும் வருகிறார்கள், கையால் செய்து கற்கும் கணக்குப் பாடத்தைப் பார்க்க விரும்புகிறார்கள், தலைமையாசிரியர் உடனே உங்கள் பெயரைச் சொன்னார் என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதுவரை கண்ணை உறுத்திய என் கயிறும் கோப்பையும் இப்போது வேண்டியிருக்கிறதே என்று சந்தோஷமாகத் தலையை ஆட்டி, ஓட்டைப் பாட்டில் பாடம் எடுக்கிறேன் என்றேன்.

சில நாள் கழித்து அவர் ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். அட்டவணையில் தண்ணீர் மட்டம் எல்லாம் ஏற்கெனவே நிரப்பியிருந்தது. நிமிடத்துக்கு நிமிடம் ஒரே அளவாகக் குறைந்துகொண்டே போய், நேர்கோடாக வந்து சேர்ந்தது. உண்மையான பாட்டில் இப்படி ஒழுகாது, போகப்போக மெதுவாகும், கோடு வளையும் என்று சொன்னேன். அவருக்கும் தெரியும். ஆனால் பாடத்திட்டத்தில் நேர்கோடுதான் இருக்கிறது, வந்தவர்களைக் குழப்ப வேண்டாம் என்றார். பாட்டிலைச் சும்மா காட்டிவிட்டுத் தாளுக்குப் போய்விடலாமாம்.

அதைக்கூடப் பேசித் தீர்த்திருப்பேன். மறுநாள் வகுப்பு முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு தர்ஷினி நின்றாள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் டீச்சரைச் சுருக்கி ச்சேர் என்பார்கள், பேச்சின் கடைசியில் ஒரு லா போடுவார்கள். தனியாக இருந்தால் என்னிடம் தமிழில் பேசுவாள்.

“ச்சேர், விசிட்டர்ஸ் வர்ற அன்னைக்கு நாங்க லைப்ரரிக்குப் போகணுமாம். எங்க கிளாஸ்ல வேற கிளாஸ் உக்காருமாம். உண்மையா லா?”

நான் அப்படியெல்லாம் இருக்காது என்றேன்.

“பரவால்ல ச்சேர். லைப்ரரில ஏர்கான் இருக்கு.”

அந்தப் பரவாயில்லை என்ற வார்த்தை என்னைச் சுட்டது. பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பெண். தன்னை ஒளித்து வைப்பதற்கு அவளே நமக்குச் சமாதானம் சொல்கிறாள்.

பட்டறைக் கதவு

இந்த இடத்தில் பழைய கதை ஒன்று வந்து நிற்கிறது. நான் உயர்நிலை ஒன்றில் படித்த காலத்தில் பையன்களுக்குப் பட்டறை வகுப்பு, பெண்களுக்குச் சமையலும் தையலும். பட்டறை கீழ்த்தளத்தில் இருந்தது. மரத்தூள் வாசனை மாடிப்படி வரை வரும். பையன்கள் அக்ரிலிக் துண்டை அறுத்து, தேய்த்து, சாவி வளையம் செய்துகொண்டு வந்து எங்கள் மூக்குக்கு நேரே ஆட்டிக் காட்டுவார்கள்.

ஒரு நாள் ஏப்ரனைக் கழற்றிப் பைக்குள் திணித்துவிட்டுப் பட்டறைக் கதவில் போய் நின்றேன். உள்ளே இழைக்கும் சத்தம். எனக்கும் அந்த ரம்பத்தைப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று ஆசிரியரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. சிரித்துக்கொண்டே, விரல் போய்விடும்மா, உன் வகுப்புக்குப் போ என்று கதவைச் சாத்தினார்.

அன்பாகத்தான் சாத்தினார். அன்பாகச் சாத்தினாலும் கதவு கதவுதான். அன்றைய வகுப்பில் நான் செய்த கேக் உப்பவே இல்லை. இன்றைக்கும் எனக்கு ரம்பம் பிடிக்கத் தெரியாது. வயது ஐம்பதைத் தாண்டியும் அந்தக் கோபம் ஆறவில்லை, ஆற வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை.

அவமானம் எங்கே இருக்கிறது

நேராகச் செல்வராஜின் அறைக்குப் போனேன். நூலகம் உண்மையா என்று கேட்டேன். உண்மைதான். கணக்கில் உயர்ந்த நிலையில் இருக்கும் பிள்ளைகள் அந்த நேரத்துக்கு என் வகுப்பில் உட்காருவார்கள், நான் அவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டும். அவர்களுக்கு முன்கூட்டியே இரண்டு தடவை ஒத்திகை.

“என் பிள்ளைங்க இல்லாம நான் எடுக்க மாட்டேன், செல்வா.”

“அக்கா, கொஞ்சம் யோசிங்க. அத்தனை பெரியவங்க முன்னாடி அதுங்க தடுமாறுனா யாருக்கு அவமானம்? எனக்கா, உங்களுக்கா? அந்தப் பிள்ளைங்களுக்குத்தான்.”

அவர் நடிக்கவில்லை. அவருக்கு அந்தப் பயம் நிஜமாகவே இருந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

“தப்பா சொல்றதுல என்ன அவமானம் இருக்கு? லைப்ரரிக்குப் போகச் சொல்றதுலதான் இருக்கு. அது அதுங்களுக்கு இப்பவே தெரிஞ்சிடுச்சு.”

அவர் பேனாவை மூடித் திறந்து மூடினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நீங்க பிடிவாதம் பிடிச்சா அடுத்த வருஷம் செக் ஒன் உங்க கைக்கு வராது அக்கா. மிரட்டல. பேச்சு அப்படித்தான் போய்க்கிட்டு இருக்கு. முன்னாடியே சொல்லிடறேன்.”

செக் ஒன், அதாவது உயர்நிலை ஒன்று, போனால் எனக்கு அந்தப் பள்ளியில் என்ன மிஞ்சும் என்று அவருக்குத் தெரியும். அதற்காகத்தான் தீவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். பயம் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் எழுந்து நின்று, அடுத்த வருடம் வரும்போது வரட்டும், இந்த வருடம் இவர்கள் என் வகுப்பில்தான் உட்காருவார்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் வகுப்பில், யாரும் நூலகத்துக்குப் போகப்போவதில்லை என்று அறிவித்தேன். ஹக்கீம் கையைத் தூக்கி, அப்படியானால் ஒத்திகை எப்போது என்று கேட்டான். ஒத்திகை கிடையாது என்றேன். என்ன நடக்கும் என்று முன்னாலேயே சொல்வீர்களா என்றான். மாட்டேன் என்றேன். பையன் முகம் தொங்கிவிட்டது.

விரலை எடு

சரி, தர்ஷினிக்கு விரல் மரத்துப்போயிருக்கும். திரும்பிப் போவோம்.

செல்வராஜின் தலையசைப்பை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். விரலை எடு என்றேன். எடுத்தாள். தண்ணீர் வளைந்து பாய்ந்து, பாட்டிலை வைத்திருந்த தொட்டியின் எதிர் விளிம்பைத் தொட்டது. ஷி யூ என்ற பெண் கடிகாரம் பார்த்துச் சத்தம் கொடுத்தாள். ஹக்கீம் நிமிடத்துக்கு ஒருமுறை பாட்டிலில் தண்ணீர் மட்டம் இருக்கும் இடத்தில் டேப் துண்டு ஒட்டினான். மற்ற மேசைகளிலும் அதே வேலை. தரை நனைந்தது. பக்கத்து வகுப்புக் கதவு படாரென்று சாத்தப்பட்டது.

முதல் நிமிடத்தில் எவ்வளவு குறைந்தது என்று பார்த்து, பாட்டில் எப்போது காலியாகும் என்று சொல்லச் சொன்னேன். வகுத்துப் பார்த்தார்கள். ஐந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே என்று எல்லா மேசையிலும் ஒரே விடை. விருந்தினர்களின் தாளிலும் ஏறக்குறைய அதுதான். செல்வராஜின் தோள்கள் சற்று இறங்கின.

ஐந்து நிமிடம் ஆனது. அதற்கு மேலும் ஆனது. ஷி யூ நேரம் முடிந்தது என்றாள். தண்ணீர் முடியவில்லை. கால் பாட்டில் இன்னும் இருந்தது.

பிள்ளைகள் பாட்டிலை விட்டுவிட்டுத் தங்கள் தாளைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். எனக்கு அந்தப் பார்வை பழக்கம். நாங்கள் கணக்கில் மோசம் என்று முதல் நாள் ஹக்கீம் சொன்னபோது இருந்த அதே பார்வைதான். ஹக்கீம் டேப்பைப் பிய்த்து வேறு இடத்தில் ஒட்டப் போனான். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

முன்வரிசைக்கு வந்திருந்த ஒரு விருந்தினர் அம்மா தர்ஷினியின் மேசையில் குனிந்தார். அவள் புள்ளிகளைச் சேர்த்து வரைந்த கோடு கீழே போகப்போக வளைந்திருந்தது. அவர் தன் கையிலிருந்த தாளை அதன் பக்கத்தில் வைத்து, நீ எங்கேயாவது தவறாகக் குறித்துவிட்டாயா கண்ணே என்று மிக மென்மையாக ஆங்கிலத்தில் கேட்டார்.

தர்ஷினியின் கை ரப்பரைத் தேடிப் போனது. நான் பார்த்தேன். வாயைத் திறந்தால் அந்த நிமிடம் கெட்டுவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். என் வேலை போனாலும் பரவாயில்லை, அந்த ரப்பர் கிடைக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

ரப்பர் கையில் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டே பாட்டிலைப் பார்த்தாள். முன்பு எதிர் விளிம்பைத் தொட்ட தண்ணீர் இப்போது பாட்டிலின் காலடியிலேயே விழுந்துகொண்டிருந்தது. அவள் ரப்பரைக் கீழே வைத்துவிட்டு, விரலைக் கொண்டுபோய் மறுபடியும் ஓட்டையை அடைத்தாள். எடுத்தாள். அடைத்தாள். பிறகு விருந்தினர் நிற்பதை மறந்து, என்னைப் பார்த்துத் தமிழிலேயே பேசினாள்.

“ச்சேர், ஃபுல்லா இருந்தப்போ அழுத்திப் பிடிச்சாலும் கசிஞ்சிச்சு. இப்போ சும்மா வச்சாலே நின்னுடுது. தண்ணி கொறைய கொறைய தள்றதும் கொறையுது. அதான் ஸ்லோ.”

அதை அவருக்கும் சொல் என்றேன். ஆங்கிலத்தில் சொன்னாள். முழு வாக்கியமாக வரவில்லை, பாதியைக் கையால் சொன்னாள். அந்த அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து, விரலை ஓட்டையில் வைக்கச் சொன்னாள். அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டு வைத்தார். அப்படியானால் என் தாள் என்று இழுத்தார்.

“பேப்பர் ராங். பாட்டில் கரெக்ட்” என்றாள் தர்ஷினி.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அடுத்த நிமிடம் ஹக்கீம் பாட்டிலை மறுபடி நிரப்ப ஓடினான். விருந்தினர்கள் வரிசையாக வந்து விரலை வைத்துப் பார்த்தார்கள். ஒருவருடைய பட்டுக் கழுத்துப்பட்டை நனைந்தது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

அச்சான வளைவு

வந்தவர்கள் பாராட்டிவிட்டுத்தான் போனார்கள். ஆனால் அவர்கள் போகிறவர்கள். இருக்கிறவர்களுக்கு அந்தத் தாள் ஞாபகம் இருந்தது. துறைத் தலைவர் கொடுத்த தாள் விருந்தினர் முன்னால் தப்பு என்று ஆகிவிட்டது, அதுவும் எளிய நிலைப் பெண் ஒருத்தியின் வாயால். செல்வராஜ் என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா என்பதை மட்டும் விட்டுவிட்டார். தனியாக இருக்கும்போதும் மிஸஸ் மாலதிதான்.

சொன்னபடியே அடுத்த வருட அட்டவணையில் உயர்நிலை ஒன்று என் பெயருக்கு நேரே இல்லை. எனக்கு வந்தது நான்காம் மாடியில் பொதுத் தேர்வு எழுதும் பிள்ளைகள், கட்டுக் கட்டாகப் பழைய வினாத்தாள்கள். உங்கள் அனுபவம் அங்கேதான் தேவை என்றார்கள். என் ஃபைல்கள் இப்போது தடியாக இருக்கின்றன. வலிக்கிறதா என்று கேட்டால், வலிக்கிறது. அதே நிலைமை மறுபடி வந்தால் அதையே செய்வேனா என்று கேட்டால், சந்தேகமே வேண்டாம்.

அந்த வருடமும் விருந்தினர் வந்தார்கள். என் ஓட்டைப் பாட்டில் பாடம் பள்ளியின் பெருமையாகிவிட்டது. எடுப்பது வேறு ஆசிரியர், உட்காருவது பொறுக்கி எடுத்த பிள்ளைகள். இந்தத் தடவை தாளிலேயே வளைவை அச்சடித்துவிட்டார்களாம். காரணம் என்ன என்ற கேள்விக்குக் கீழே விடையும் இருந்ததாம்.

இதை எனக்கு வந்து சொன்னது தர்ஷினிதான். இடைவேளையில் நான்காம் மாடிக்கு மூச்சிரைக்க ஏறி வந்தாள். உயர்நிலை இரண்டுக்குப் போய்விட்டாள், ஒரு பிடி உயர்ந்திருந்தாள். கையில் கேண்டீனில் வாங்கிய லைம் ஜூஸ், பாட்டிலில்.

“ச்சேர், கீழ ரிஹர்சல் நடக்குது. ஓட்டைல டேப் ஒட்டி வச்சிருக்காங்க. அந்த ச்சேர் சொன்னதும் டேப்ப பிய்க்கிறாங்க, அவ்ளோதான். யாருமே விரல் வைக்கல.”

அதற்கு நாம் என்ன செய்ய முடியும் என்றேன். அலுப்பாகத்தான் சொன்னேன்.

“நான் போய்ச் சொல்லிட்டேன்.”

“யாருகிட்ட?”

“அந்தப் பிள்ளைங்ககிட்டதான். டேப்ப எடுத்துட்டு விரல வைங்க, இல்லன்னா ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னேன். ஒரு பொண்ணு வச்சுப் பாத்துச்சு. அப்பறம் எல்லாரும் வச்சாங்க. தரை ஃபுல்லா தண்ணி. மிஸ்டர் செல்வராஜ் என்னைப் பாத்துட்டே நின்னாரு.”

“திட்டுனாரா?”

“இல்ல. அவரும் வச்சாரு.”

நான் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தேன். மணி அடித்தது. தர்ஷினி மீதி ஜூஸை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, காலிப் பாட்டிலைக் குப்பைத்தொட்டியில் போடப் போனாள். பாட்டிலைப் பார்த்தேன். இடுப்பு இல்லாத, நேரான பாட்டில்.

போடாதே, இங்கே கொடு என்றேன்.